டைட்டஸின் சொந்த சர்வர்

தன் சாமான் அடுத்தவன் வீட்டில் கிடக்கக் கூடாது என்பது டைட்டஸின் கொள்கை. கத்தாரில் இருபது வருடத்துக்கும் மேல் உழைத்து, நெய்யூருக்குத் தெற்கே மாடிவீடு கட்டி, போதுமடா சாமி என்று ஊர் திரும்பியவர் அவர். வந்த வாரமே பக்கத்து வீட்டுப் பூங்கனியிடமிருந்து தேங்காய்த் துருவியையும், சித்தப்பா மகன் நேசமணியிடமிருந்து ஏணியையும் மீட்டுவிட்டார். அதுவரை நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் ஓடிவந்து, "ஏட்டி, நம்ம போட்டோ பூராவும் எவனோ ஒரு வெள்ளக்காரனுக்க கம்ப்யூட்டர்லயாக்கும் கெடக்குது!" என்று அலறினாரே, அன்றைக்குத் தொடங்கியது அந்த வீட்டுக்குக் கஷ்டகாலம்.

அவர் மனைவி ஞானசெல்வி சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கெடந்துட்டுப் போட்டும். நம்ம மூஞ்சிய வச்சு அவன் என்ன செய்யப் போறான்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம ஆல்பத்த அடுத்தவனுக்க அலமாரியில கொண்டு வச்சுட்டு மாசாமாசம் வாடகையும் குடுக்கோம். அவன் நாளைக்குக் கதவ அடச்சா என்ன செய்வ?"

"நீங்க தெறக்கச் சொல்லி சத்தம் போடுவிய. அவனுக்குக் கேக்காம இருக்குமா?"

டைட்டஸ் சிரிக்கவில்லை. அவர் முடிவெடுத்துவிட்டார். இனி இந்த வீட்டின் படமும் பாட்டும் போட்டோவும் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதற்கு வேண்டியது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் லினக்ஸ் போட வேண்டும். அதன்மேல் ஒரு மென்பொருள் போட வேண்டும். எல்லாம் உலகத்தில் யாராரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருப்பது. போட்டுவிட்டால் வீட்டு டிவியிலும், போனிலும், கடல் தாண்டி மகன் கையிலிருக்கும் போனிலும் நம் படம் நம் வீட்டிலிருந்தே ஓடும். சொந்தக் கிணறு, சொந்தத் தென்னை, சொந்த சர்வர். கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது?

இந்தப் பாடத்தையெல்லாம் அவர் படித்தது யூடியூபில். வெள்ளைக்காரன் கம்ப்யூட்டரிலிருந்து விடுதலை அடையும் வழியை வெள்ளைக்காரன் கம்ப்யூட்டரிலேயே, விளம்பரங்களோடு சேர்த்து, மாதக்கணக்கில் பார்த்தார். மகள் ஜின்சி ஒருமுறை இதைச் சொல்லிக் காட்டினாள். அதற்குப் பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

டைட்டஸுக்கு இந்தத் துறை புதிது என்று நினைத்துவிடக் கூடாது. "கத்தார்ல நான் ஐ.டி.லயாக்கும் இருந்தேன்" என்று அவரே சபையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். இருந்தது ஸ்டோர் கீப்பராக. ஐ.டி. அறை பக்கத்து அறை. அந்த அறையின் ஏ.சி. இவர் அறைக்கும் கொஞ்சம் குளிரடிக்கும், அந்த வகையில் தொடர்பு உண்டு.

மகன் சஜின் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டி, மார்த்தாண்டத்தில் ஒரு கடையிலிருந்து பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டி, முன்னறையில் வசனக் காலண்டருக்குக் கீழே, ஞானசெல்வியின் தையல் மிஷினை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் பிரதிஷ்டை செய்தார். தையல் மிஷின் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதை எதையோ தட்டினார். அது ஒவ்வொரு தடவையும் முடியாது என்று பதில் சொன்னது. டைட்டஸ் கர்த்தரைக் கூப்பிட்டார், மகனைக் கூப்பிட்டார், யாரோ முகம் தெரியாத பிரேசில்காரனிடம் கம்ப்யூட்டர் வழியாக அழாத குறையாகக் கேட்டார். கடைசியில் ஒருநாள் சாயங்காலம் டிவியில் படம் வந்தது.

வந்தது என்ன படம்? அந்த மென்பொருளுக்கு ஒரு குணம். நாம் போடுகிற வீடியோவின் பெயரைப் பார்த்து, இது உலகத்தில் எந்த சினிமா என்று தானே ஊகித்து, அதன் சுவரொட்டியையும் கதைச் சுருக்கத்தையும் ஒட்டிவிடும். ஜின்சியின் ஞானஸ்நானத்தை அது ஒரு பேய்ப்படம் என்று கண்டுபிடித்து, இரத்தம் ஒழுகும் ஒரு பொம்மையின் படத்தை ஒட்டியிருந்தது. நேசமணியின் வீடு பிரதிஷ்டை ஐரோப்பாவில் எங்கோ நடந்த வங்கிக் கொள்ளையாகி, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

நேசமணி சபைக் கமிட்டி மெம்பர். அதைப் பார்த்துவிட்டு அவர் முகம் போன போக்கு!

"எலே டைட்டசு, எனக்க வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த போதகரு இதுல கள்ளனா?"

"அது மெட்டாடேட்டா பிரச்சனையாக்கும். திருத்தலாம்."

"சீக்கிரம் திருத்து. எனக்கு மோளு கெட்டிக்குடுக்காம நிக்கா."

வீட்டில் மாத சந்தா கட்டிப் பார்த்துவந்த சினிமா, சீரியல் எல்லாவற்றையும் டைட்டஸ் நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக ஞானசெல்விக்குக் கிடைத்தவை: கத்தாரிலிருந்து கொண்டுவந்த சி.டி.களில் இருந்த கன்வென்ஷன் பிரசங்கங்கள், குடும்பக் கல்யாணங்கள், பெங்குவின்களைப் பற்றிய ஒரு நீளமான படம். அவள் பெங்குவின்களைப் பலமுறை பார்த்தாள். பிறகு சாயங்காலமானால் பூங்கனி வீட்டுக்குப் போய் சீரியல் பார்க்கத் தொடங்கினாள். துருவியைத் திரும்பக் கேட்டவன் பெண்டாட்டி என்று பூங்கனி முகம் சுளிக்காமல் நாற்காலி போட்டாள், நல்ல மனசு.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பயனர்பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, எண் ஒன்று, நட்சத்திரக் குறி ஒன்று. எப்படித் திறப்பது என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் டைட்டஸ் தினமும் காலை ஜெபத்துக்கு முன்னால் ஒரு விளக்கம் அனுப்புவார். "எலே, சபைக் காணிக்கப் பெட்டிக்கே ஒரு பூட்டுதான், உனக்க பெங்குவினுக்கு இவ்வளவு பூட்டா?" என்று நேசமணி ஒரு குரல் பதிவு போட்டார். கொஞ்ச நாளில் குரூப்பில் யாரும் எதுவும் பேசாமல் ஆனார்கள். எல்லோரும் கவனமாகப் படிக்கிறார்கள் என்று டைட்டஸ் எடுத்துக்கொண்டார்.

இனி அந்த வீட்டின் கரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியே போகிறோம் என்றால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இது டைட்டஸின் சட்டம். கல்யாணமான புதிதில், ஊரே கன்வென்ஷனுக்குப் போயிருந்த ஒரு நாளில், தெருமுனை வீட்டுப் பிரிட்ஜ் புகைந்து அந்த வீட்டில் பாதி எரிந்துபோனது. அதிலிருந்து பிடித்துக்கொண்டார். கத்தாரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். சுகமா, சாப்பிட்டியா என்று கேட்கும் முன்னால், "மெயின அணச்சுட்டு தானே கோயிலுக்குப் போறிய?" என்று கேட்பார். ஊருக்கு வந்த பிறகு அவரே அணைத்தார். சர்வர் வந்த பிறகும் அது மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்வரை முறைப்படி நிறுத்திவிட்டு, மெயினைக் கீழே தள்ளிவிட்டு, "அதுக்கும் ஓய்வுநாள் உண்டும்" என்று சொல்லிச் சிரிப்பார். வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மலைப்பக்கமிருந்து இடி உருண்டு வந்தது. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குவது இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஞானசெல்வி டிவி, பிரிட்ஜ், மிக்சி என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே வந்து சர்வரையும் பிடுங்கினாள். ஓடிக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க் அப்படியே மயங்கி விழுந்தது. அதை எழுப்ப டைட்டஸுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த வாரம் முழுக்க வீட்டில் சோறு மட்டும்தான் சூடாக இருந்தது, யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் ஒரு அட்டையை வெட்டி, "டைட்டஸைத் தவிர யாரும் தொடக்கூடாது" என்று எழுதி, சர்வரின் பிளக்கில் ஒன்று, இன்வெர்ட்டரில் ஒன்று, மெயின் சுவிட்ச் பெட்டியில் ஒன்று என்று ஒட்டினார்.

"இடி விழுந்தா?" என்று கேட்டாள் ஞானசெல்வி.

"விழட்டும். நான் பாத்துக்கிடுவேன். நீங்க ஆரும் கை வைக்காதிய."

"செரி. வைக்கல" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இந்த நேரத்தில்தான் ஜின்சிக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் மார்த்தாண்டத்துக்காரன், ஜிபின் என்று பெயர், பாங்கில் வேலை, நல்ல குடும்பம். எல்லாம் நன்றாக அமைந்தது. ஒரே குறை, அப்பாவைப் போலவே கத்தாருக்குப் போயிருந்த சஜினுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போதுதான் வேறு கம்பெனி மாறியிருந்தான். போனால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். போனில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் புலம்பினான். அம்மாக்காரி இந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ கவலப்படாத மக்கா" என்று போனைப் பிடுங்கிச் சொன்னார் டைட்டஸ். "தாலி கெட்டுறத நீ லைவா பாப்ப. நம்ம சர்வர்ல இருந்து."

அந்த மனிதரை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நெஞ்சில் இருந்தது வீம்பு இல்லை. ஜின்சியின் ஞானஸ்நானத்தின்போது அவர் கத்தாரில் இருந்தார். மாதங்கள் கழித்து யாரோ ஊரிலிருந்து வந்தவர் கையில் சி.டி. வந்தது. அறையில் கூட இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டார். போதகர் தண்ணீரைக் கையில் எடுத்தார். குழந்தையின் நெற்றிக்குக் கை வந்தது. அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. துடைத்துத் துடைத்துப் போட்டும் அதே இடத்தில் நின்றது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். தன் மகளின் நெற்றியில் தண்ணீர் விழுந்ததை டைட்டஸ் இந்த நாள்வரை பார்த்ததில்லை. அந்த வலி தன் மகனுக்கு வரக்கூடாது என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

கல்யாணத்துக்கு போட்டோவும் வீடியோவும் எடுக்க ஏற்பாடாகியிருந்தது மார்த்தாண்டம் எபிசன். ஸ்டுடியோக்காரன், வாய் ஓயாதவன். எபிசன் இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் தாலி கட்டுவதும் இல்லை, யாரும் குழிக்குள் இறங்குவதும் இல்லை. பாதி ஊர் வளைகுடாவில் கிடப்பதால் எல்லாவற்றையும் அவன் லைவ் விடுவான்.

"யூடியூப்ல நம்ம சேனல்ல போட்டுருவோம் அண்ணே. ஒரு லிங்கு, தொட்டா போதும், லோகம் பூரா தெரியும்."

"லோகத்துக்கு எதுக்குடே எனக்க மோளுக்க கல்யாணம்?" என்றார் டைட்டஸ். "தாலி கெட்டுற நேரத்துல நடுவுல எவனாவது வந்து சோப்புப் பொடி விப்பான். எனக்க மோன் அதப் பாக்கணுமா? உனக்க கேமராவுல இருந்து எனக்க வீட்டு சர்வருக்கு அனுப்பு. அங்க இருந்து நான் குடுப்பேன்."

"அண்ணே, கோயில்ல இருந்து உங்க வீட்டுக்குப் போயி, வீட்டுல இருந்து கத்தாருக்கா?"

"ஆமா."

"மார்த்தாண்டத்துக்குப் போகதுக்கு எதுக்கு நாகர்கோவிலு சுத்திப் போணும்?"

"இது எனக்க வழியாக்கும்."

எபிசன் ஞானசெல்வியைப் பார்த்தான். அவள் காப்பித் தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, "அவன் பாக்கணும். எனக்கு அது போதும்" என்றாள். டைட்டஸ் அதைத் தன்மேல் வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க அந்த வீட்டில் இரண்டு கல்யாண வேலை நடந்தது. ஒன்று ஜின்சிக்கு. மற்றது சர்வருக்கு. இன்வெர்ட்டருக்குப் புது பாட்டரி வாங்கினார். கரண்டு போனாலும் நிற்காது. இணைய இணைப்பை வேகமானதாக மாற்றினார். சூடாகிவிடாமலிருக்க ஒரு டேபிள் பேனை அதற்கென்று வைத்தார். பந்தலுக்குப் பேன் குறைகிறது என்று வந்து கேட்ட நேசமணியிடம், "மனுசன் வேர்த்தா தொடச்சுக்கிடலாம், சர்வருக்கு முடியாது" என்று சொல்லி அனுப்பினார். ஜின்சி புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கை தைத்து வந்ததைக் காட்ட வந்து நின்றாள். "கொள்ளாம் மோளே, நல்லாருக்கு" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கல்யாணத்தன்று காலையில் எல்லாம் ஜோராக ஓடியது. முன்னறையில் எபிசனின் கேமரா, அங்கிருந்து சர்வருக்கு, சர்வரிலிருந்து கத்தாருக்கு. சஜின் போனில் கத்தினான்: "அப்பா, நல்லா தெரியுது! ஜின்சி தலையில பூ வைக்கா!" டைட்டஸ் கூடியிருந்த சொந்தத்தையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். நேசமணிகூட, "செரிதாம்டே, சாதிச்சுட்ட" என்றார். அந்த ஒரு நிமிடத்துக்காக டைட்டஸ் மாதக்கணக்கில் தூங்காமல் இருந்திருக்கிறார். அனுபவிக்கட்டும்.

எபிசன் கேமராவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அண்ணே, கோட்டுப் பையில போன வச்சா போட்டோவுல புடச்சிட்டுத் தெரியும். அக்காட்ட குடுத்துருங்க."

அதுவும் சரிதான் என்று போனை ஞானசெல்வியின் கைப்பையில் போட்டார்.

போதகர் வந்து வீட்டு ஜெபம் முடித்தார். வாசலில் அலங்கரித்த கார் வந்து நின்றது. நேரமாச்சு, நேரமாச்சு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஜின்சி அப்பா காலில் விழுந்து எழுந்தாள். டைட்டஸ் அவள் தலையில் கை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்ணைக் காரில் ஏற்றி, பெண்டாட்டியை ஏற்றி, பூங்கனி முதலான பெண்களையெல்லாம் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டக் கடைசி ஆளாக உள்ளே போனார். பின்கதவைத் தாழ் போட்டார். காஸ் சிலிண்டரைத் திருகினார். ஜன்னலை அடைத்தார். வெளியே வந்து கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, கையில் சாவியோடு ஓடிவந்து காரின் முன்சீட்டில் ஏறினார்.

"எல்லாம் பாத்தாச்சா?" என்றாள் ஞானசெல்வி.

"எல்லாம் பாத்தாச்சு."

அவள் ஜன்னல் வழியாக வீட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு டிரைவரிடம் போகச் சொன்னாள்.

ஆலயத்தில் டைட்டஸ் மகளின் கையைப் பிடித்து நடந்து வந்தார். பாடகர் குழு பாடியது. பெண்ணின் கையைப் போதகர் கேட்டபோது அவர் கொடுத்தார், கொடுத்துவிட்டுக் குலுங்கி அழுதார். கோட்டுப் போட்ட மனுஷன் அப்படி அழுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் திரும்பி, தூணோரம் லேப்டாப்பைத் திறந்து வைத்து நின்ற எபிசனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எபிசன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். டைட்டஸ் பெருமூச்சு விட்டார். என் மகன் பார்க்கிறான். என் வீட்டிலிருந்து பார்க்கிறான். அதற்குப் பிறகு நடந்த பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு இலைக்கும் போனார். அவியலைக் கவனிக்கவில்லை, பாயசம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை.

"வெளிநாட்டுல உள்ளவங்க ஆராவது போன் பண்ணினாவளா? கிளியரா இருந்துதாமா?"

"குவைத்துல இருந்து எனக்க தம்பி இப்பம் விளிச்சான். அருமையா தெரிஞ்சுதாம்" என்றார் நேசமணி, போளியைப் பாயசத்தில் பிசைந்துகொண்டே. இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒரு இடத்துலயும் நிக்கலையே?"

"நிக்கல, நிக்கல. நீ போய் சம்மந்திய கவனி."

சம்மந்தியையும் கவனித்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தவன் கம்ப்யூட்டரை நம்புவது எவ்வளவு பெரிய அடிமைத்தனம் என்று பப்படம் ஆறும்வரை விளக்கினார். எபிசனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, "இனி நீயும் இந்த யூடியூப் எல்லாம் விட்டுரு மக்கா, நான் சொல்லித் தாறேன்" என்றார். "செரி அண்ணே" என்றான் எபிசன், முதல்முறையாக வேறெதுவும் பேசாமல்.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிட்டுத் திரும்பும்போது அந்தி சாய்ந்துவிட்டது. கார் நின்றதும் ஞானசெல்வி கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். டைட்டஸ் கதவைத் திறந்து உள்ளே போய் சுவிட்சைத் தட்டினார். வெளிச்சம் வரவில்லை.

"கரண்டு போச்சு" என்றார். "இன்வெர்ட்டர் ஏன் எடுக்கல? புது பாட்டரில்லா!"

பூங்கனி வேனிலேயே முன்னால் வந்து சேர்ந்துவிட்டாள். அவள் வீட்டில் லைட் எரிந்தது. சீரியல் பாட்டு இங்கே வரை கேட்டது. டைட்டஸ் வாசல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போன் வெளிச்சத்தில் முன்னறைச் சுவர்ப் பக்கம் போனார். சர்வரில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. அதற்கென்று வைத்த பேன் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. இன்வெர்ட்டரின் பொத்தானும் அணைந்திருந்தது. இரண்டின் மேலும் அட்டை அப்படியே ஒட்டியிருந்தது. டைட்டஸைத் தவிர யாரும் தொடக்கூடாது.

பின்கதவு. காஸ். ஜன்னல். அதற்குப் பிறகு கை தன் பாட்டுக்கு மேலே போனது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மகன் பார்க்கவில்லை. ஒன்றுமே பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கையிலிருந்த போன் அடித்தது. சஜின்.

எடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். எடுத்தார்.

"மக்கா..." என்றார்.

"அப்பா! சூப்பர்ப்பா! எல்லாம் பாத்தேன். ஜின்சிக்க கைய குடுத்துட்டு நீங்க அழுதிய பாருங்க, நானும் இங்க ரூம்ல உக்காந்து அழுதேன். தாலி கெட்டுறது, மோதிரம் மாத்துறது, எல்லாம் அவ்வளவு தெளிவு."

டைட்டஸ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "எதுல பாத்த?"

அந்தப் பக்கம் ஒரு சின்னத் தயக்கம். "நம்ம சர்வர்லதான்ப்பா. ஒருக்காகூட நிக்கல. உங்களுக்குக் கை குடுக்கணும்."

இருட்டில் செத்துக்கிடந்த சர்வரை டைட்டஸ் பார்த்தார். "செரி மக்கா" என்றார். "சாப்ட்டியா?" போனை வைத்துவிட்டுத் திரும்பினார். பட்டுப்புடவையோடு ஞானசெல்வி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"எபிசனா?" என்றார்.

"ஆமா. யூடியூப்ல. எல்லாருக்கும் லிங்கு நேத்தே போச்சு."

"நம்ம குரூப்புல வரலியே?"

"நீங்க இல்லாத குரூப்பு ஒண்ணு இருக்கு. பெங்குவின் வந்த மாசத்துல தொடங்குனது."

டைட்டஸ் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். "சஜின்ட்ட பொய் சொல்லச் சொன்னதும் நீயா?"

"நான் சொல்லல. அவனுக்கே தோணியிருக்கு. அப்பாவுக்க மனசு கஷ்டப்படும்னு."

டைட்டஸ் குரலை உயர்த்தப் பார்த்தார். உயரவில்லை. "எனக்க சர்வர நீ நம்பலல்லா?"

"சர்வர நம்பினேன். காலைல அவ்வளவு அருமையா ஓடிச்சே. உங்க கையத்தான் நம்பல." ஞானசெல்வி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "வீட்டப் பூட்டிட்டு நீங்க மெயின அணைக்காம எறங்குன நாள் ஒண்ணு சொல்லுங்க பாப்போம். கார்ல இருந்து பாத்தேன், வாசல் லைட்டு அணஞ்சுது."

"பாத்துட்டு சொல்லாம இருந்தியா?"

"ஆரும் தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டுனது ஆரு? பொண்ணு கார்ல இருக்கா, போதகரு அங்க காத்து நிக்காரு. எனக்க மோன் பாக்கதுக்கு நான் வழி செஞ்சாச்சு. பெறகு நான் எதுக்கு வாயத் தொறக்கணும்?" அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எந்திச்சு லைட்டப் போடுங்க. நான் தொட மாட்டேன்."

அவர் எழுந்து மெயினை மேலே தள்ளினார். வீடு முழுக்க ஒரேயடியாக வெளிச்சம் வந்தது. சர்வர் முனகிக்கொண்டு எழுந்து, தன்னை யாராவது தேடினார்களா என்று தெரியாமல், ஆயத்தமாக நின்றது. பேன் அதற்கு வீசத் தொடங்கியது. அதன் வயிற்றுக்குள் ஞானஸ்நானம் இருந்தது, பிரசங்கங்கள் இருந்தன, பெங்குவின் இருந்தது. ஜின்சியின் கல்யாணம் மட்டும் இல்லை.

ஞானசெல்வி காப்பி போட உள்ளே போனாள். டைட்டஸ் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, யூடியூபைத் திறந்து, எபிசன் ஸ்டுடியோ என்று தட்டினார். மேலேயே இருந்தது. பயனர்பெயரும் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. தொட்டார்.

முதலில் சோப்புப் பொடி விளம்பரம் வந்தது. தாண்டிப் போகச் சொல்லி ஓரத்தில் ஒரு பொத்தான் தெரிந்தது. டைட்டஸ் அதை அமுக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, கறை போகும் வரைக்கும் முழுசாகப் பார்த்தார். அதற்குப் பிறகு ஆலயத்தின் கதவு திறந்தது, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்டுப் போட்ட ஆள் நடந்து வந்தார்.